வெறும் தடிமன்தானே

தம்பி,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்குவார்கள். நான் சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை, பதில் வேண்டும் என்று கேட்கிறேன். மூச்சு எப்படி இருக்கிறது? போன ஞாயிற்றுக்கிழமை நீ அப்பாவோடு போனில் பேசியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். "அம்மாகிட்ட குடுக்க வேணாம்" என்று நீ சொன்னது எனக்குக் கேட்டது. அதைச் சொல்வதற்கு முன்னால் நீ மூக்கை உறிஞ்சியதும் கேட்டது. என்மேல் உனக்குக் கோபம், சரி. ஆனால் உனக்குச் சளி, தடிமன் பிடித்திருக்கிறது. உன் கோபத்தைவிட எனக்கு அதுதான் பெரிய விஷயம். தபாலில் போட்டால் கடிதம் கொழும்புக்கு வந்து சேரும்வரை உன் தடிமன் காத்துக்கொண்டிருக்காது. அதனால் இதை எழுதி முடித்ததும் பார்வதி சித்தியின் போனில் போட்டோ பிடித்து அனுப்பச் சொல்லப் போகிறேன். என் நம்பரைத்தான் நீ எடுப்பதில்லை, சித்தியின் நம்பரைத் திறந்து பார்ப்பாய். எழுத்து கோணலாக இருக்கும், பெரிதாக்கிப் படி.

நீ கோபப்படும் காரியத்தை நான்தான் செய்தேன். யாரும் தூண்டிவிட்டுச் செய்யவில்லை. அப்பாவிடம் சந்தைக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, ஹாலிஎலவுக்கு பஸ் ஏறிப் போய், கௌசியின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி, உள்ளே உட்கார்ந்து, "எம் மகனுக்குச் சின்னதுல இருந்தே இழுப்பு இருக்கு" என்று சொன்னேன். தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்த இடத்தில் போய்ச் சொன்னேன். "யோசிச்சுச் சொல்றோம்" என்றார்கள். அதற்குப் பிறகு அங்கிருந்து ஒரு போன் இல்லை. அப்பா என்னோடு பேசுவதே இல்லை, சோறு மட்டும்தான் கேட்கிறார், அதுவும் தட்டைப் பார்த்துக் கேட்கிறார். கல்யாணத்தைக் கெடுத்தவள் என்று நீ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இருக்கலாம். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்க இந்தக் கடிதத்தை எழுதவில்லை. ஏன் போனேன் என்பதில் ஒரு பகுதி உனக்குத் தெரியும். மீதியை உனக்கும் சொல்லவில்லை, அப்பாவுக்கும் சொல்லவில்லை. அதையும் சேர்த்துச் சொல்லிவிடத்தான் எழுதுகிறேன்.

என் வேலை உனக்குத் தெரியும். இந்தத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்த்துப் பார்த்தே எனக்குத் தலை நரைத்தது. ஒன்றுக்கு மூக்கு ஒழுகினால் போதும், அந்த வாரம் முடிவதற்குள் எல்லாவற்றுக்கும் ஒழுகும். ஒரே பாய், ஒரே கோப்பை, ஒன்று கடித்த பிஸ்கட்டை இன்னொன்று கடிக்கும். மூக்கைத் துடைத்துத் துடைத்து என் முந்தானையே விறைத்துப் போகும். அந்தத் தடிமன் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வந்த வழியே போய்விடும். இரண்டு நாள் சிணுங்கும், பிறகு பழையபடி ஓடும். ஆனால் எந்த வருசமும் ஓரிரு பிள்ளைகள் இருக்கும். அதே தடிமன்தான், அதே கோப்பையில் இருந்து வந்ததுதான், அந்தப் பிள்ளைக்கு மட்டும் நெஞ்சுக்கு இறங்கிவிடும். விலா உள்ளே போகும், கழுத்துக் குழி அடித்துக்கொள்ளும், சோற்றை வாயில் வைத்துக்கொண்டு விழுங்க மூச்சு போதாமல் என்னைப் பார்க்கும். அப்படிப்பட்ட பிள்ளைகளின் முழங்கை மடிப்பைப் பார்த்தால் சொறிந்து சொறிந்து தோல் கறுத்திருக்கும், காலையில் வந்ததில் இருந்து தும்மிக்கொண்டே இருக்கும். இதை நான் யாரிடமும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஊரார் பிள்ளைகளிடம் பார்த்ததைவிட அதிகமாக என் இரண்டு பிள்ளைகளிடம் பார்த்தேன்.

அக்காவும் நீயும் அப்படித்தான் பிறந்தீர்கள். நம் வீட்டுக் காம்பராவின் பின்சுவர் மழைக்காலம் முழுக்க வேர்த்துக்கொண்டே இருக்கும், டிரங்குப் பெட்டியை நகர்த்தினால் பின்னால் கறுப்பாகப் பூசணம். அடுப்பு விறகுப் புகை எங்கே போகும், கூரைக்குப் போய்த் திரும்பி நம்மிடமே வரும். அப்பா தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பகுதியில் வேலை. வீட்டுக்கு வந்து சட்டையை உதறினால் காம்பரா முழுக்கத் தேயிலைத் தூசி பறக்கும், நீங்கள் இருவரும் ஒருவர் மாற்றி ஒருவர் தும்முவீர்கள், அப்பா சிரிப்பார், "நூறு ஆயுசு, நூறு ஆயுசு" என்பார். நானும் சிரித்தேன். வாசலில் நின்று சட்டையை உதறுங்கள் என்று சொல்ல எனக்கு எவ்வளவு காலம் ஆனது பார். கம்பளியை வெயிலில் போட வேண்டும், தலையணை உறையைச் சுடுதண்ணீரில் அவிக்க வேண்டும் என்பதெல்லாம் அக்கா உயர்தரம் படிக்கும்போது, பதுளை கிளினிக்கில் அந்த டொக்டரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்துப் பொம்பளை, மெலிந்த உடம்பு, பேச்சு மட்டும் கணீரென்று இருக்கும். நீ உள்ளே வரமாட்டேன் என்று வெளியே வடை தின்றுகொண்டு நின்றாய்.

நான் அவரிடம் என் பிள்ளைக் காம்பராக் கதையைச் சொன்னேன். எல்லாப் பிள்ளைக்கும் அதே தடிமன்தான், என் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் நெஞ்சுக்கு இறங்குது என்று கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அம்மா, வைரஸ் வந்தா உடம்பு முதல்ல ஒரு சத்தம் போடவேணும், பக்கத்தில இருக்கிற உடம்புக் கலங்களுக்குக் கதவைச் சாத்துங்கோ எண்டு. ஒவ்வாமை இருக்கிற ஆக்களின்ர மூச்சுக்குழாய் எந்த நேரமும் தூசியோடயும் பூசணத்தோடயும் சண்டை பிடிச்சபடி வீங்கித்தான் இருக்கும். அதால கனபேருக்கு அந்தச் சத்தம் சுணங்கித்தான் வரும், மெல்லமாத்தான் வரும். அதுக்குள்ள வைரஸ் பெருகிப்போடும். பிறகு உடம்பு முழிச்சுக்கொண்டு பெருசா வீங்கும். மூச்சை அடைக்கிறது அந்த வீக்கமும் சளியும்தான்" என்றார். பிறகு வாயில் வைத்து மருந்தை இழுக்கும் இரண்டு பம்ப்பை மேசையில் வைத்தார். "பிரவுன், சுகமா இருக்கேக்கையும் ஒவ்வொரு நாளும் எடுக்கவேணும். அது வீக்கத்தைத் தணிச்சு வைக்கும். நீலம், இழுக்கிற நேரத்துக்கு. சுகம் வந்திட்டுது எண்டு பிரவுனை நிப்பாட்டிப் போடாதேங்கோ." சுணங்கும் என்றால் தாமதமாகும் என்று அக்காதான் பஸ்ஸில் வரும்போது எனக்கு விளக்கினாள்.

அப்பாவுக்கு அந்தப் பம்ப் பிடிக்கவில்லை. "பழகிப் போயிட்டா சாகுற வரைக்கும் விடாது, பொட்டப் புள்ளைக்கு எதுக்கு இது" என்றார். வரிசையாக ஒட்டியிருக்கும் இந்த லயத்து வீடுகளில் முக்கால்வாசிப் பேர் அதையேதான் சொன்னார்கள். நான் சண்டை போட்டு அவளை இழுக்க வைத்தேன், உன்னையும் இழுக்க வைத்தேன், உன் காதைத் திருகி இழுக்க வைத்ததும் நினைவிருக்கிறது. அந்த வருசங்கள் நல்லபடியாகப் போயின. பிறகு கொரோனா வந்தது. லயத்தையே மூடினார்கள். வரிசையாக எல்லோருக்கும் வந்தது. பார்வதி சித்தியின் புருசன், கொழுந்துச் சாக்கை ஒரு கையால் லொறிக்குத் தூக்கிப் போட்ட மனுசன், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சீல் வைத்த பெட்டியில்கூட வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. நான் உங்கள் இரண்டு பேரின் நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் காய்ச்சல், கொஞ்சம் மேல்வலி, நீ எழுந்து பலாக்கொட்டை சுட்டுத் தின்றாய். லயமே ஆச்சரியப்பட்டது. "கொரோனாவையே தாண்டிட்டாளே, இனி அவளுக்கு என்னா இழுப்பு" என்று அப்பா சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன், தம்பி. உன் அக்காவுக்கு நோய் போய்விட்டது என்று நான் மனதார நம்பினேன்.

அதனால்தான் மறைக்கத் துணிந்தோம். அதற்கு முன்னால் ஒரு சம்பந்தம் வந்து, அவள் பம்ப் இழுப்பதைக் கேள்விப்பட்டு, தேத்தண்ணியைக்கூட முழுதாகக் குடிக்காமல் எழுந்து போனது உனக்குத் தெரியும். பசறைப் பக்கத்துச் சம்பந்தம் வந்தபோது லயமே ஒன்றாகச் சேர்ந்து ஒரு நாடகம் நடத்தியது. அன்றைக்குக் காலையில் யாரும் குப்பை எரிக்கவில்லை, சாம்பிராணி போடவில்லை. ஆனால் வந்தவர்கள் கொண்டுவந்த மல்லிகைச் சரத்தை அவள் தலையில் வைத்ததும் அவளுக்குத் தும்மல், பிறகு நெஞ்சில் விசில். நடுச்சுவர் மெல்லிசுதானே, பக்கத்துக் காம்பராவில் இருந்த பார்வதி சித்திக்கு அது கேட்டுவிட்டது. உடனே சித்தி தன் பக்கத்தில் நின்றுகொண்டு இருமத் தொடங்கினாள். அம்மாடி, என்ன இருமல்! மாப்பிள்ளையின் அம்மா, "பக்கத்துல யாருக்கோ ரொம்ப முடியல போல" என்று பரிதாபப்பட்டார்கள். "ஆமாங்க, வயசாளி" என்றேன் நான். சித்திக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. அவர்கள் போன பிறகு நாம் விழுந்து விழுந்து சிரித்தோம், அக்காதான் அதிகம் சிரித்தாள், சிரித்துச் சிரித்து இழுப்பு வந்து நீலப் பம்ப்பை எடுத்தாள். சித்தி இன்றைக்கும் உண்மையாகவே இருமல் வந்தால்கூட வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுகிறாள்.

பசறைக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. அதை நீ மனதில் வைக்க வேண்டும், ஏனென்றால் நீ அவர்களைத் திட்டுகிறாய். மாப்பிள்ளை கொழும்பில் கடையில் வேலை, மாதம் ஒருமுறை வருவார், அக்காமேல் உயிராக இருந்தார். கட்டிக்கொடுத்த பிறகு அவருடைய அம்மா அவளைக் கொழுந்துக்குக்கூட அனுப்பவில்லை, "வசந்தி, நீ வீட்ட பாத்துக்க" என்று வைத்திருந்தார்கள். அவர்களிடம் சொல்லியிருக்கலாம். அவளே என்னிடம் கேட்டாள், "சொல்லிடவாம்மா? பம்ப்ப எங்க வச்சு இழுக்குறதுன்னே தெரியல. தண்ணிக்கிப் போற எடத்துல நின்னு இழுக்குறேன், யாராவது பாத்துருவாங்கன்னு இருக்கு" என்று. நான்தான் வேண்டாம் என்றேன். ஒரு பிள்ளை பிறக்கட்டும், பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம், அப்போது யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்றேன். எவ்வளவு புத்திசாலித்தனமாகப் பேசினேன் பார். அவள் சொன்னபடி கேட்கிற பிள்ளை. கிளினிக்குக்குப் போக ஒவ்வொரு மாதமும் ஒரு பொய் வேண்டியிருந்தது, பொய் தீர்ந்ததும் கிளினிக் நின்றது, பிரவுன் பம்ப் தீர்ந்ததும் அதுவும் நின்றது. ஒன்றும் ஆகவில்லையே என்று என்னிடம் சொன்னாள். ஆமாம், ஒன்றும் ஆகவில்லைதானே என்று நானும் சொன்னேன்.

பிறகு அந்தத் தடிமன் வந்தது. அந்த வீட்டில் முதலில் மாமனாருக்கு வந்தது, பிறகு அந்த அம்மாவுக்கு, பிறகு அவளுக்கு. மற்ற இரண்டு பேரும் கொத்தமல்லித் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்கள். அவளுக்கு முதலில் மூக்கு, பிறகு இருமல், பிறகு நெஞ்சு. போனில் அவள் குரலைக் கேட்டேன், ஒரு பேச்சுக்கு நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிப் பேசினாள். "வெறும் தடிமன்தாம்மா" என்றாள். பிள்ளைக் காம்பராவில் இத்தனை வருசம் இருந்தவள் நான், அந்த மூச்சைக் கேட்ட உடனே பஸ் ஏறியிருக்க வேண்டும். நாளைக்கு வேலை முடிந்ததும் வருகிறேன் என்று சொன்னேன். அந்த அம்மா பயந்துபோய், மருமகளுக்குச் சளி இறங்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு, நெருப்புச் சட்டியில் நொச்சியும் சாம்பிராணியும் போட்டுப் புகை பிடித்தார்கள். ஆசையாகத்தான் செய்தார்கள். தெரிந்திருந்தால் செய்திருப்பார்களா? மறுநாள் மத்தியானம் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது எனக்குப் போன் வந்தது. மழையில் ஆட்டோவில் ஏற்றிப் பதுளைக்குக் கொண்டுவரும் வழியிலேயே, அந்த வளைவு வளைவான ரோட்டில், போய்விட்டாள் என்றார்கள். என் கையில் சோறு இருந்தது. ஒரு பிள்ளை என் விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது.

இதுவரைக்கும் உனக்குத் தெரியும். இனிமேல் எழுதுவது தெரியாது. முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு அந்த அம்மா வந்திருந்தார்கள் அல்லவா, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது என்னைத் தண்ணீர் பிடிக்கும் பீலிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள். "ஒங்ககிட்ட ஒன்னு கேக்கணும் சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க" என்றார்கள். ஆட்டோ வருவதற்குக் கொஞ்சம் முன்னால், அக்காவுக்குப் பேச்சு வரவில்லையாம். ஆனால் நினைவு இருந்திருக்கிறது. கையை நீட்டி மூலையில் இருந்த தன் சீலைப் பெட்டியைக் காட்டினாளாம். திரும்பத் திரும்பக் காட்டினாளாம். "குளிருது போல, சால்வ கேக்குறான்னு நெனச்சேன். பொட்டியத் தொறந்து மேல இருந்த சால்வைய எடுத்துப் போத்திவிட்டேன். அத தள்ளிவிட்டுட்டு மறுபடியும் காட்டுனா. நான் இன்னொரு சீலையையும் எடுத்துப் போத்துனேன் சம்பந்தி. எம் புள்ள என்னாத்தக் கேட்டுச்சு? ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியும். அவர்கள் திருப்பித் தந்த பெட்டியை முந்தின நாள்தான் நான் திறந்து பார்த்திருந்தேன். கடைசிச் சீலைக்கு அடியில் கைக்குட்டையில் சுற்றி நீலப் பம்ப் இருந்தது. ஆட்டிப் பார்த்தேன், உள்ளே மருந்து இருந்தது. அந்த அம்மாவிடம் நான் தெரியாது என்று சொன்னேன். தெரியும் என்று சொன்னால் அவர்கள் மிச்சக் காலத்தை எப்படிக் கழிப்பார்கள் என்று நினைத்தேன். அந்த இரக்கம் உண்மைதான். என்னைக் காப்பாற்றிக்கொண்டேன் என்பதும் உண்மைதான்.

அதற்குப் பிறகு உன் மருந்து எடுக்கக் கிளினிக்குக்குப் போனபோது டொக்டரம்மாவைப் பார்த்தேன். மாற்றலாகிப் போகப் போகிறார் என்று சொன்னார்கள். "கொரோனா வந்தப்போ ஒன்னும் ஆகலியே டொக்டர், இந்தச் சாதாரணத் தடிமன்ல எப்புடிப் போனா?" என்று கேட்டேன். "அது வேறை வைரஸ், அம்மா. அது உள்ளுக்க நுழையப் பிடிக்கிற கைப்பிடி ஒவ்வாமை இருக்கிற ஆக்களின்ர மூச்சுக்குழாயில குறைவா இருக்கலாம் எண்டு சிலபேர் சொல்லினம். எங்களுக்கும் முழுக்கத் தெரியாது. ஆனா தடிமன் வைரஸ் அப்பிடியில்லை, அதுதான் இந்த ஆக்களை அடிக்கடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாறது. பிரவுன் ஒழுங்கா எடுத்திருந்தா இவ்வளவுக்குப் போயிருக்காது எண்டு நான் நினைக்கிறன்" என்றார். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பது போல என் கையைப் பிடித்தார். ஒன்றைத் தாண்டியதால் இன்னொன்றையும் தாண்டிவிடுவோம் என்று நினைத்தது நாம்தான். நீயும் போன வருசம் அதையேதான் என்னிடம் சொன்னாய், "எனக்குத்தான் கொரோனாவே ஒன்னும் பண்ணலியேம்மா" என்று. அன்றைக்கு எனக்கு உன்னை அறைய வேண்டும் போல இருந்தது.

இப்போது ஹாலிஎலவுக்கு வருகிறேன். உன் கல்யாணப் பேச்சு தொடங்கியதும் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "பையனுக்கு இழுப்புன்னு யாருகிட்டயும் வாயத் தொறக்காத. முடிஞ்ச பெறகு பாத்துக்கலாம்." ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த வாய் மறுபடியும் அதையே சொல்கிறது. அவர்மேல் கோபப்படாதே, அவர் பயந்த மனுசன், பயந்த மனுசருக்கு ஒரு வழிதான் தெரியும். நீயும் தலையை ஆட்டினாய். பொண்ணு பார்க்கப் போன அன்றைக்கு பம்ப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாய், நான் பார்த்தேன். அங்கே அவர்கள் ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார்கள், நீ கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தாய். உன் அக்கா மல்லிகைச் சரத்தோடு உட்கார்ந்திருந்த மாதிரியே இருந்தது. அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன்.

கௌசியின் அம்மா முதலில் என்னை நம்பவில்லை. "இப்ப நல்லாத்தான இருக்காரு? நீங்க சொல்லலன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதே. எதுக்குங்க சொல்றீங்க?" என்று கேட்டார்கள். சம்பந்தத்தைக் கலைக்க வேறு ஏதோ காரணம் வைத்துக்கொண்டு பேசுகிறேன் என்று நினைத்தார்கள் போல. "எம் மகள கட்டிக் குடுத்த வீட்டுல தெரியாதுங்க" என்று மட்டும் சொன்னேன். நீலப் பம்ப் ஒன்றை எடுத்துக்கொண்டு போயிருந்தேன், அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன், அந்நிய வீட்டில் அப்படி அழுதது வெட்கம்தான். அப்போது கௌசி குசினி வாசலில் இருந்து வந்தாள். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பம்ப்பைக் கையில் வாங்கினாள். "தடிமன் வந்தா மொதல்ல என்னா செய்யணும் அத்தை?" என்று கேட்டாள். மூடியைக் கழற்றிக் காட்டினேன், ஆட்டிக் காட்டினேன், மூச்சை வெளியே விட்டுவிட்டு இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று சொன்னேன். அவள் அம்மா, "நீ உள்ள போ" என்று அதட்டினார்கள், எழுந்து போனாள். அவ்வளவுதான் நடந்தது. அவர்கள் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. உன்னை ஆறுதல்படுத்த வேறுமாதிரி எழுத மாட்டேன். உனக்கு அவளைப் பிடித்திருந்தது என்பதும் எனக்குத் தெரியும், அதனால்தான் என் நெஞ்சு கொதிக்கிறது. ஆனால் அடுத்த வீட்டிலும் நான் போய்ச் சொல்வேன், அதற்கடுத்த வீட்டிலும் சொல்வேன். நீ கல்யாணம் ஆகாமல் எனக்கு முன்னால் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை.

எனக்கும் வயதாகிறது, இப்போதெல்லாம் ஏற்றத்தில் நின்று நின்றுதான் வருகிறேன். உன் மூச்சைச் சுவருக்கு அந்தப் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருக்க இன்னும் எத்தனை காலம் என்னால் முடியும்? அதுவும் நீ அங்கே, நான் இங்கே. பிரவுன் பம்ப்பை நிறுத்தியிருந்தால் இன்றைக்கே தொடங்கு, காலையும் மாலையும், சுகமாக இருந்தாலும். தலையணை உறையை வெந்நீரில் போடு. கொசுவர்த்தியை அறையில் கொளுத்த விடாதே. சளிக்காய்ச்சலுக்கு ஊசி இருக்கிறதாம், அதையும் டொக்டரிடம் கேள். இந்தத் தடிமன் மூக்கோடு நின்றால் நல்லது. இருமல் நெஞ்சுக்கு இறங்கினால், நீலத்தை இழுத்தும் அடங்காவிட்டால், ஒரு பேச்சை முடிக்க நடுவில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தால், விடியட்டும் என்று பார்க்காதே, ஆஸ்பத்திரிக்குப் போ. யாரும் சிரிக்க மாட்டார்கள், சிரித்தால் சிரிக்கட்டும்.

கடைசியாக ஒன்று. உன் அறையில் உன்னோடு தங்கியிருக்கும் பையன்களில் யாருக்காவது உனக்கு இழுப்பு இருப்பது தெரியுமா? தெரியாது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் பம்ப்பை நீ சூட்கேசில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறாய், போன தடவை நீ வீட்டுக்கு வந்திருந்தபோது உன் துணியை அடுக்கும்போது பார்த்தேன். என்னோடு பேச வேண்டாம். கோபத்தை எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள். ஆனால் இதைப் படித்து முடித்ததும் எழுந்து, அதை எடுத்து மேசைமேல் வை. அந்தப் பையன்களில் ஒருவனைக் கூப்பிட்டு அது என்ன, எதற்கு என்று சொல். பேச முடியாமல் நீ அந்தப் பக்கம் கையைக் காட்டினால், அவன் போர்வையை எடுத்து வந்து உன்மேல் போர்த்திவிடக் கூடாது.

அம்மா